அரைப் புள்ளி யாரும் போட்ட பிச்சை இல்லை

சதுரங்கப் போட்டிக்குப் போன ஒரு சின்னவர், தன்னைவிடப் பல படி மேலே இருப்பவரோடு ஆடிச் சமன் செய்துவிட்டு வீட்டுக்கு வந்தால் நம்மவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? நான் சில வருடங்களாகக் கவனித்து வருகிறேன். பெரும்பாலும் மூன்றே வாக்கியங்கள்தான்.

"பெரியவர் விட்டுக்கொடுத்திருப்பார்."

"அன்றைக்கு அவருக்கு நாள் சரியில்லை போலிருக்கிறது."

"டிராதானே, ஜெயிக்கவில்லையே."

சொல்பவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. நம் வயதுக்காரர்கள்தான், அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனாலும் மூன்றும் தவறு என்பது என் கட்சி. நான்கைந்து மணி நேரம் உட்கார்ந்து உழைத்தவர் கையிலிருந்து கூலியைப் பிடுங்குகிற பேச்சு அது. இன்றைக்கு அந்த மூன்றோடும் கொஞ்சம் சண்டை போடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் "விட்டுக்கொடுத்தார்" என்பதை எடுத்துக்கொள்வோம்.

சதுரங்கத்தில் பெரியவர் சின்னவருக்கு விட்டுக்கொடுக்கிற வழக்கம் உண்மையிலேயே ஒரு காலத்தில் இருந்தது. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பாரிஸ், லண்டன் காப்பிக் கடைகளில் வல்லவர் ஒருவர் சாதாரண ஆட்டக்காரரோடு உட்கார்ந்தால், ஆட்டம் தொடங்கும் முன்பே தன் பக்கத்திலிருந்து ஒரு சிப்பாயையோ குதிரையையோ பலகையை விட்டு எடுத்துவிடுவார். சில சமயம் எதிரிக்கு முதல் இரண்டு நகர்த்தல்களைச் சேர்ந்தாற்போல் கொடுப்பார். அப்படிச் செய்தால்தான் இருவருக்கும் ஆட்டம் சுவாரசியமாக இருக்கும், பந்தயம் கட்டியவர்களுக்கும் நியாயமாக இருக்கும். சலுகை எவ்வளவு என்பதை எல்லோருக்கும் தெரியும்படி முன்னாலேயே சொல்லிவிடுவார்கள். ஆட்டம் முடிந்த பிறகு "நான் விட்டுக்கொடுத்தேன்" என்று யாரும் சொல்லிக்கொள்ள இடமில்லை.

இன்றைய போட்டிகளில் அந்தச் சலுகை கிடையாது. இரண்டு பக்கமும் பதினாறு காய்கள், இரண்டு பேருக்கும் ஒரே அளவு நேரம். அப்படிச் சரிசமமாகத் தொடங்கிய ஆட்டம் சரிசமமாக முடிந்தால் அதில் தானம் எங்கிருந்து வந்தது?

சமன் எப்படியெல்லாம் வருகிறது என்று பாருங்கள். ராஜாவுக்குச் செக் இல்லை, ஆனால் நகர்த்தச் சட்டப்படி ஒரு காய்கூட இல்லை என்றால் ஸ்டேல்மேட். ஒரே நிலை மூன்று முறை வந்தால் சமன் கேட்கலாம். ஐம்பது நகர்த்தல்கள் எந்தக் காயும் வெட்டப்படாமல், எந்தச் சிப்பாயும் அசையாமல் போனால் சமன் கேட்கலாம். இரண்டு பேரிடமும் செக்மேட் செய்யப் போதுமான காய்கள் இல்லாவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். இவை எதிலும் எதிராளியின் அனுமதி தேவையே இல்லை. இருவரும் பேசிக் கைகுலுக்கும் சமன் என்பது இந்த வரிசையில் ஒன்றே ஒன்று. அந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு எல்லாச் சமனையும் பெரியவரின் பெருந்தன்மைக் கணக்கில் எழுதுகிறோம்.

மூன்று முறை ஒரே நிலை என்கிற விதி எனக்கு மிகவும் பிடித்தது. வாழ்நாளில் பாதியை அரசு அலுவலகக் கோப்புகளோடு கழித்தவனுக்கு அது பிடிக்காமல் இருக்குமா? அது தானாகக் கிடைக்காது, கேட்க வேண்டும். கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஆடப்போகும் நகர்த்தலைப் பலகையில் ஆடிவிடக் கூடாது. முதலில் ஸ்கோர் ஷீட்டில் எழுத வேண்டும், பிறகு நடுவரை அழைத்து, "இந்த நகர்த்தலால் இதே நிலை மூன்றாம் முறை வருகிறது, சமன் கோருகிறேன்" என்று சொல்ல வேண்டும். நடுவர் ஸ்கோர் ஷீட்டைப் பார்த்துச் சரிபார்ப்பார். கோரிக்கை தவறு என்றால் எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகப் போய்விடும். ஆக, இது ஒரு மனு. மனுவுக்கு ஆதாரம் வேண்டும், ஆதாரம் ஒழுங்காக எழுதி வைத்திருக்க வேண்டும், விதி எண் தெரிந்திருக்க வேண்டும். இவ்வளவும் சரியாக இருந்தால் எதிரே உட்கார்ந்திருப்பவர் கிராண்ட்மாஸ்டரே ஆனாலும் ஒன்றும் செய்ய முடியாது. அலுவலகத்திலும் அப்படித்தான். மேலதிகாரி எவ்வளவு பெரியவராக இருந்தாலும், விதியை எடுத்துக் குறிப்பு எழுதிவிட்ட கீழ்நிலை எழுத்தரைத் தாண்டிப் போவது அவ்வளவு எளிதல்ல. அப்போது யாரும் "அதிகாரி விட்டுக்கொடுத்தார்" என்று சொன்னதில்லை. "அந்த ஆள் ரூல் தெரிந்தவன், ஜாக்கிரதை" என்றுதான் சொன்னார்கள்.

எங்கள் தெருவில் ஒரு பெண் குழந்தை, பதினோரு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில், தன்னைவிட 400 புள்ளிக்கு மேல் ரேட்டிங் உள்ள ஒரு பெரியவரோடு சமன் செய்துவிட்டு வந்தாள். வீட்டில் எல்லோரும் மேலே சொன்ன மூன்று வாக்கியங்களில் ஆளுக்கு ஒன்றைச் சொல்லிவிட்டார்கள். மாலையில் என்னிடம் வந்து, "தாத்தா, அவர் பாவம்னு விட்டுட்டாரா?" என்று கேட்டாள். ஸ்கோர் ஷீட்டைக் கொண்டுவரச் சொன்னேன். கடைசி வரிகளில் அவளுடைய ராணி ஒரே இரண்டு கட்டங்களிலிருந்து மாறி மாறிச் செக் கொடுத்திருந்தது. மூன்றாம் முறைக்கான நகர்த்தலை எழுதிவிட்டு நடுவரை அழைத்திருக்கிறாள். அவள் இரண்டு சிப்பாய் பின்தங்கியிருந்தாள் என்பதும் அதில் தெரிந்தது. பின்தங்கியிருந்தவள் தப்பிக்கும் வழியைத் தேடிக் கண்டுபிடித்து, சட்டப்படி மனுக்கொடுத்து வாங்கியிருக்கிறாள். இதில் அந்தப் பெரியவர் எதை விட்டார்? அவர் கடைசிவரை ஜெயிக்கத்தான் பார்த்திருக்கிறார், அது அவருக்கும் மரியாதை. விட்டுக்கொடுத்தார் என்று சொல்லி நாம் அவரையும் சேர்த்தே அவமதிக்கிறோம்.

உலகம் அறிந்த ஒரு சமனைச் சொல்கிறேன். 2004 மார்ச் மாதம், ஐஸ்லாந்து நாட்டின் ரெய்க்யாவிக் நகரில் ஒரு ரேபிட் போட்டி. ஒரு பக்கம் கேரி காஸ்பரோவ். 1985இல் 22 வயதில் உலகச் சாம்பியன் ஆனவர். பட்டம் 2000இல் கிராம்னிக்கிடம் போய்விட்டாலும் ரேட்டிங் பட்டியலில் அப்போதும் அவர்தான் முதலிடம், 2800க்கு மேல். எதிரே நார்வேயிலிருந்து வந்த 13 வயதுப் பையன் மாக்னஸ் கார்ல்சன். அவன் அப்போது கிராண்ட்மாஸ்டர்கூட இல்லை, ரேட்டிங் 2500ஐ எட்டவில்லை. இருவருக்கும் இடையே ஏறக்குறைய 350 புள்ளி வித்தியாசம்.

முதல் ஆட்டத்தில் பையனுக்கு வெள்ளைக் காய்கள். ஆட்டம் 52 நகர்த்தல்கள் போய்ச் சமனில் முடிந்தது. இதைக் கதையாகச் சொல்கிறவர்கள், மாமன்னர் ஒரு சிறுவனுக்கு அரைப் புள்ளி அளித்த மாதிரி சொல்வார்கள். ஆட்டத்தை நகர்த்தி நகர்த்திப் பாருங்கள். இடையில் வெற்றி வாய்ப்பு இருந்தது பையன் பக்கம்தான். காஸ்பரோவ்தான் பல்லைக் கடித்துக்கொண்டு தற்காத்துத் தப்பித்தார். கொடுத்தவர் என்று யாரையாவது சொல்லியே ஆகவேண்டும் என்றால் பையனைத்தான் சொல்ல வேண்டும்! அடுத்த ஆட்டத்தில் காஸ்பரோவ் ஜெயித்துவிட்டார். அதனால் முதல் ஆட்டம் பொய்யாகிவிடுமா? இரண்டும் உண்மை. முதல் ஆட்டத்தில் பையனுக்கு அரைப் புள்ளி உரியது, இரண்டாவதில் காஸ்பரோவுக்கு முழுப் புள்ளி உரியது. அந்தப் பையன் 2013இல் நம் விஸ்வநாதன் ஆனந்தைச் சென்னையில் வென்று உலகச் சாம்பியன் ஆனான் என்பதைக்கூட நான் இங்கே சாட்சிக்கு அழைக்கவில்லை. அவன் பிற்பாடு யாருமாக ஆகாமல் ஒரு வங்கி வேலைக்குப் போயிருந்தாலும் அந்த அரைப் புள்ளி அவனுடையதுதான்.

இனி இரண்டாம் வாக்கியம்: "அவருக்கு நாள் சரியில்லை."

இதற்குப் பதில் கணக்கிலேயே இருக்கிறது. ரேட்டிங் என்று இன்று எல்லோரும் சொல்வது ஆர்பாட் ஈலோ என்ற இயற்பியல் பேராசிரியர் வகுத்த முறை. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். சர்வதேசச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே 1970இல் அதை ஏற்றுக்கொண்டது. அந்தக் கணக்கின் சாரம் எளிமையானது. இருவருக்கும் 400 புள்ளி வித்தியாசம் இருந்தால் பலம் பத்துக்கு ஒன்று. அதாவது பதினோரு ஆட்டம் ஆடினால் பெரியவருக்கு ஏறக்குறையப் பத்துப் புள்ளி, சின்னவருக்கு ஒரு புள்ளி. வித்தியாசம் 200 என்றால் நான்கு ஆட்டத்துக்கு ஏறக்குறைய ஒரு புள்ளி சின்னவருக்கு.

சின்னவரின் அந்த ஒரு புள்ளி எப்படி வரும்? ஒரு வெற்றியாக வரலாம், இரண்டு சமனாகவும் வரலாம். ஆக, 400 புள்ளி கீழே இருப்பவர் பதினோரு ஆட்டத்தில் ஒன்பது தோற்று இரண்டு சமன் செய்தால் எல்லாம் கணக்குப்படி நடக்கிறது என்று பொருள். இதில் வானத்திலிருந்து ஒன்றும் விழவில்லை. யாருக்கும் தலைவலி இல்லை, யாருக்கும் ராகுகாலம் இல்லை. சின்னவரின் பலத்தை அளந்து வைத்திருக்கும் அந்த எண்ணிலேயே இப்படிப்பட்ட சமன்களும் சேர்ந்துதான் இருக்கின்றன.

ரேட்டிங் எழுதுகிறவர்கள் நம்மைப் போலச் சமாதானம் சொல்வதும் இல்லை. பற்று வரவு மாதிரி எழுதிவிடுகிறார்கள். 400 புள்ளி வித்தியாசத்தில் சமன் என்றால் 2400ஐத் தாண்டிய பெரியவருக்குச் சுமார் நான்கு புள்ளி பற்று, சாதாரணமாக ஆடிவரும் சின்னவருக்குச் சுமார் எட்டுப் புள்ளி வரவு. "காரணம்: நாள் சரியில்லை" என்று எழுத அந்தப் பேரேட்டில் பத்தியே கிடையாது. சொல்லப்போனால் நாள் சரியில்லாமல் போவதும் ஆட்டத்தின் பகுதிதான். சின்னவருக்கு நாள் சரியில்லாமல் தோற்றபோது யாராவது வந்து புள்ளியைத் திருப்பிக் கொடுத்தார்களா?

மூன்றாவது வாக்கியம்தான் எனக்கு மிகவும் எரிச்சல் தருவது. "டிராதானே."

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்களுக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுத்த பெரியவர்கள் பிரெஞ்சுச் சொற்களோடுதான் சொல்லிக்கொடுத்தார்கள். செக்மேட் எங்களுக்கு 'எஷெக் எ மாத்', ஸ்டேல்மேட் 'பாத்'. பிஷப்புக்கு 'ஃபூ' என்று பெயர், அதாவது கோமாளி அல்லது பைத்தியம். தேவாலயத்துக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள் ஆங்கிலப் பெயரைக் கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். இன்றும் உலகம் முழுவதும் காயைச் சரிசெய்யத் தொடும்போது சொல்லும் 'ழாதூப்' பிரெஞ்சுதான். ஃபிடே 1924இல் பாரிஸில் தொடங்கிய அமைப்பு, அதன் பெயரே பிரெஞ்சுப் பெயரின் சுருக்கம். இவ்வளவு நல்ல சொற்களைத் தந்த மொழி சமனுக்கு மட்டும் 'பர்த்தி நுல்' என்று பெயர் வைத்துவிட்டது. நுல் என்றால் இல்லாதது, செல்லாதது. எங்கள் வகுப்பில் கணக்கில் மக்கு என்று சொல்லவும் இதே சொல்தான். ஐந்து மணி நேரம் இரண்டு பேர் மூளையைக் கசக்கிய ஆட்டத்துக்குச் 'செல்லாத ஆட்டம்' என்று பெயர்! அந்த மொழியின் மேல் எனக்கு இருக்கும் அன்பு உங்களுக்குத் தெரியும். ஆனால் இந்த ஒரு சொல்லில் அது தப்பு செய்துவிட்டது. தமிழில் 'சமன்' என்கிறோம். துலாக்கோலின் இரண்டு தட்டும் ஒரே மட்டத்தில் நிற்பது. எது பொருத்தமான சொல் என்று நீங்களே சொல்லுங்கள்.

அதே பிரான்சில்தான் இதற்கு மறுப்பும் இருக்கிறது. பிரான்சுவா ஆந்த்ரே பிலிதோர், 1726இல் பிறந்தவர். நாட்டில் பெயர்பெற்ற இசையமைப்பாளர், சதுரங்கத்தில் தன் காலத்தின் முதல் ஆட்டக்காரர். 1749இல் அவர் எழுதிய நூல் ஐரோப்பா முழுவதும் பரவியது. சிப்பாய்கள்தான் ஆட்டத்தின் உயிர் என்று அழுத்திச் சொன்ன முதல் மனிதர். அவர் பெயரால் இன்றும் ஒரு நிலை வழங்குகிறது. ஒருவரிடம் ராஜா, யானை, ஒரு சிப்பாய். மற்றவரிடம் ராஜாவும் யானையும் மட்டும். யானை என்று நாம் சொல்வது ரூக். ஒரு சிப்பாய் குறைந்தவர் தோற்க வேண்டியதுதானே?

தோற்க வேண்டியதில்லை என்று பிலிதோர் காட்டினார். தற்காப்பவர் தன் ராஜாவைச் சிப்பாய்க்கு முன்னால், தன் கடைசி வரிசையில் நிறுத்த வேண்டும். யானையைத் தன் பக்கத்திலிருந்து மூன்றாம் வரிசையில் காவலுக்கு வைக்க வேண்டும். எதிரியின் ராஜா அந்த வரிசையைத் தாண்ட முடியாது. எதிரி பொறுமை இழந்து சிப்பாயை அந்த வரிசைக்குத் தள்ளினால், உடனே யானையைப் பலகையின் மறுகோடிக்குக் கொண்டுபோய்ப் பின்னாலிருந்து செக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சிப்பாய் முன்னே போய்விட்டதால் அந்த ராஜாவுக்கு ஒதுங்க நிழல் கிடையாது. அவ்வளவுதான். இதைத் தெரிந்த பத்து வயதுக் குழந்தையிடம் உலகச் சாம்பியன் வந்து உட்கார்ந்தாலும் ஜெயிக்க முடியாது. கம்ப்யூட்டராலும் முடியாது.

இன்னொரு நிலை இதைவிட வேடிக்கை. ஒருவரிடம் ஒரு பிஷப்பும், பலகையின் ஓரத்து வரிசையில் ஒரு சிப்பாயும் இருக்கின்றன. மற்றவரிடம் வெறும் ராஜா. ஆனால் அந்தச் சிப்பாய் ராணியாக வேண்டிய மூலைக் கட்டமும் பிஷப் ஓடுகிற கட்டங்களும் வேறு வேறு நிறம். அந்த மூலைக்கு வெறும் ராஜா போய்ச் சேர்ந்துவிட்டால் ஆட்டம் சமன். மூலையிலிருந்து அவரைக் கிளப்ப வழியே இல்லை, நெருக்கினால் ஸ்டேல்மேட் ஆகிவிடும். ஒரு படையே எதிரே நின்றாலும் சரியான மூலையைத் தெரிந்து வைத்திருக்கும் ஒண்டி ஆளை அசைக்க முடியவில்லை.

நான் சொல்ல வந்த ஒரே விஷயம் இதுதான். சதுரங்கத்தில் பலம் பலிக்காத இடங்கள் இருக்கின்றன. அங்கே போய்ச் சேரும்வரை பெரியவர் பெரியவர்தான், சின்னவர் சின்னவர்தான். சேர்ந்த பிறகு இருவரும் ஒன்று. அந்த இடம் எங்கே இருக்கிறது என்று படித்துத் தெரிந்துகொண்டு, அடி வாங்கிக்கொண்டே அதை நோக்கி நடந்து போவது ஒரு தனித் திறமை. "டிராதானே" என்று சொல்பவர் அந்த நடையைப் பார்க்கவில்லை.

வீட்டில் பேசுகிறவர்களை விடுங்கள். ஆட்டத்தின் உள்ளேயே இருந்துகொண்டு சமனை ஒழிக்க வேண்டும் என்கிறவர்களும் உண்டு. ஸ்டேல்மேட்டுக்கு அரைப் புள்ளி அநியாயம், ராஜாவை நகரவிடாமல் செய்தவருக்குக் கூடுதல் புள்ளி கொடு என்பது ஒரு கட்சி. லாஸ்கர், ரெட்டி போன்ற மேதைகளே அந்தப் பக்கம் பேசியிருக்கிறார்கள். இவர்களுக்கு நேர்மாறாகவும் ஒரு காலம் இருந்தது. 17ஆம் நூற்றாண்டிலிருந்து ஏறக்குறைய 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை இங்கிலாந்தில், எதிரியை ஸ்டேல்மேட்டில் தள்ளியவர்தான் தோற்றவர். அடிக்கத் தெரியாமல் அடைத்துப் போட்டதற்குத் தண்டனை! இரண்டு கோடிக்கும் போய்ப் பார்த்த பிறகு உலகம் நடுவில் வந்து நின்றது. முடிக்கத் தெரியாத பலசாலிக்கும் பாதி, முடியாத நிலையிலும் விழாமல் நின்றவருக்கும் பாதி. இதைவிட நியாயமான தீர்ப்பை எந்தக் கோர்ட்டில் வாங்க முடியும்?

இன்னொரு கட்சி, பார்ப்பவர்களுக்குச் சலிக்கிறது என்கிறது. நார்வே செஸ் போட்டியில் 2019 முதல், நீண்ட ஆட்டம் சமனில் முடிந்தால் உடனே 'ஆர்மகெடான்' என்ற விரைவு ஆட்டம் ஆட வைக்கிறார்கள். அதில் யாராவது ஜெயித்தே ஆகவேண்டும். எப்படி என்றால், வெள்ளைக்கு நேரம் அதிகம், ஆனால் ஆட்டம் சமனில் முடிந்தால் கறுப்பு ஜெயித்ததாகக் கணக்கு. பாருங்கள் வேடிக்கையை! சமனை ஒழிக்கக் கிளம்பியவர்கள் கடைசியில் முடிவு காண அந்தச் சமனைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

எதிர்க்கட்சியின் நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். பேசி வைத்தாற்போல் பத்துப் பதினைந்து நகர்த்தலில் கைகுலுக்கிவிட்டுப் போகும் சமன்கள் உண்டு. அவற்றுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. 2005இல் பல்கேரியாவின் சோஃபியா நகரப் போட்டியில் வீரர்கள் தங்களுக்குள் பேசிச் சமன் செய்யக் கூடாது என்று தடை போட்டார்கள். நல்ல விதி. போட்டியில் முன்னணியில் இருக்கும் பெரியவர், அரைப் புள்ளி கிடைத்தால் பரிசு உறுதி என்று சின்னவரிடம் சமன் கேட்பதும் நடக்கிறது. அதுவும் தானம் இல்லை. அவர் தன் ஆபத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்து விலை பேசுகிறார். சின்னவர் வேண்டாம் என்று சொல்லித் தொடர்ந்து ஆடலாம். பேரம் பேச ஆள் வந்திருக்கிறார் என்றாலே நம் சரக்குக்கு விலை இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

சமீபத்தில் நடந்ததையும் பாருங்கள். 2025 ஏப்ரலில் கார்ல்சன் ஒரு பக்கமும், இணையத்தில் 1,43,000க்கும் மேற்பட்டவர்கள் மறுபக்கமுமாக ஒரே ஆட்டத்தை ஆடினார்கள். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஒரு நாள் அவகாசம், கூட்டம் வாக்களித்து முடிவு செய்யும். கலந்துகொண்டவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போலப் பொழுதுபோக்குக்கு ஆடுபவர்கள். மே மாதம் 32ஆவது நகர்த்தலில், கூட்டம் கார்ல்சனின் ராஜாவை மூலையில் வைத்து மீண்டும் மீண்டும் செக் கொடுத்து, ஒரே நிலையை மூன்று முறை வரவைத்துச் சமன் செய்தது. முன்பு 1999இல் இதேபோல் உலகத்தோடு ஆடிய காஸ்பரோவ் ஜெயித்திருந்தார், 2024இல் ஆனந்தும் ஜெயித்திருந்தார். இந்த முறை செய்திகளில் எப்படி வந்தது தெரியுமா? கார்ல்சன் சமனுக்குத் தள்ளப்பட்டார் என்று. விட்டுக்கொடுத்தார் என்று யாரும் எழுதவில்லை. லட்சம் பேர் சேர்ந்து செய்தால் 'தள்ளினார்கள்', ஒரு குழந்தை தனியாக உட்கார்ந்து செய்தால் 'அவர் விட்டார்'. இது என்ன நியாயம்?

2023 டிசம்பரில் ஜாக்ரெப் நகரில் நடந்த ஐரோப்பிய பிளிட்ஸ் போட்டியில், லண்டனில் வளரும் எட்டு வயது போதனா சிவானந்தன், ருமேனியாவில் இரண்டு முறை சாம்பியனான கிராண்ட்மாஸ்டர் ஒருவரோடு சமன் செய்தாள். பெற்றோர் திருச்சிக்காரர்கள். நம் ஆட்களும் பெருமைப்பட்டார்கள், சந்தோஷம். அந்தப் பெருமையைப் பத்திரிகையில் படம் வந்த குழந்தைக்கு மட்டும் வைக்காமல், அடுத்த வீட்டுக் குழந்தைக்கும் கொஞ்சம் கொடுக்கலாமே என்பதுதான் என் வாதம்.

ஏன் இவ்வளவு சண்டை போடுகிறேன் என்றால், இது பலகையோடு நிற்கிற விஷயம் இல்லை. பெரியவர் எதிரே உட்கார்ந்து கிடைத்ததெல்லாம் அவர் தயவு என்று பத்து வயதில் நாம் சொல்லிக்கொடுத்தால், நாற்பது வயதில் அந்த ஆள் தன் உரிமைப் பணத்தை வாங்க ஒரு கவுண்டர் முன்னால் நின்றுகொண்டும் கும்பிடு போடுவார். நம் தலைமுறை அதை நிறையச் செய்துவிட்டது. சட்டப்படி வரவேண்டியதைச் "சார் மனசு வைத்தார்" என்று சொல்லி வாங்கிப் பழகிய வாய் இது. அதே வாயால்தான் குழந்தையிடமும் பேசுகிறோம்.

ஆகவே அன்பர்களே, பேரனோ பேத்தியோ பெரிய ஆளோடு சமன் செய்துவிட்டேன் என்று வந்தால், அந்த மூன்று வாக்கியங்களையும் விழுங்கிவிடுங்கள். "எப்படிச் சமாளித்தாய்? எந்த இடத்தில் வழி தெரிந்தது?" என்று கேளுங்கள். ஆட்டம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பிள்ளைகள் சொல்லிக் காட்டுவார்கள். அரைப் புள்ளியை அவர்கள் சம்பாதித்த கதையைக் காது கொடுத்துக் கேளுங்கள். தோற்றுவிட்டு வரும் நாளிலும் அதே கேள்வியைக் கேட்கலாம்.

அந்தப் பெரியவரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: "அவர் உன்னைக் குழந்தை என்று நினைத்து ஆடவில்லை, எதிராளி என்று நினைத்து ஆடியிருக்கிறார்" என்று. அவர் அந்தக் குழந்தைக்கு உண்மையிலேயே ஏதாவது கொடுத்தார் என்றால், கொடுத்தது அந்த மரியாதையைத்தான்.